ஸ்னெய்டர் என்றால் வெட்டுகிறவர்

எங்கள் கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. கேட்டில் கார்டைக் காட்டும்வரை இருக்கும். மாடியேறி மெஷினில் உட்கார்ந்ததும் போய்விடும். காலர் தைக்கிறவள் காலர். கைப்பட்டி தைக்கிறவள் கஃப். பட்டன் ஓட்டை போடுகிறவள் காஜா. "காஜா இன்னிக்கு லீவு, கஃப்பு, நீ போய் உக்காரு" என்று சூப்பர்வைசர் கத்துவார். ஒருத்திக்கும் ரோஷம் வராது. ஒருமுறை காலரின் வீட்டுக்காரர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். அவள் பேரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை, சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை. "உங்க ஊட்டுக்காரம்மா இன்னா தைக்கிறாங்க?" என்று கேட்ட பிறகுதான் ஆள் கிடைத்தாள்.

நான் நாலு வருஷம் ஸ்லீவாக இருந்தேன். அப்புறம் காலர். அப்புறம் சாம்பிள். வெளிநாட்டு ஆர்டர் உறுதியாவதற்கு முன்னால் மாதிரிக்கு ஒன்றிரண்டு உருப்படியை முழுசாகத் தைத்துக் காட்டுகிறவளுக்கு அந்தப் பேர். லைனில் இருப்பவர்கள் கை மட்டும், காலர் மட்டும் தைப்பார்கள். சாம்பிளுக்கு முழு உடுப்பும் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். பெருமையாகத்தான் சொல்கிறேன், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதில் என்ன வெட்கம்?

ஆனாலும் நான் தைக்கிறவள்தான். துணியை வெட்டுவது மாஸ்டர். மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய சந்தில் எங்கள் கட்டடம். மாடி முழுக்கப் பெண்கள், தையல். கீழே நீள மேஜை, அதில் ஆண்கள், கட்டிங். இதை யார் எப்போது சட்டமாகப் போட்டார்களோ தெரியாது. இதே மண்ணூர்பேட்டையில் தெருவுக்கு நாலு பெண்கள் வீட்டிலேயே பிளவுஸ் வெட்டித் தைக்கிறார்கள். ஒரு மீட்டர் துணியில், இடுப்பு ஒரு அளவு, தோள் ஒரு அளவு என்று இருக்கிற உடம்புக்கு, பிசகாமல் வெட்டுகிறார்கள். நானும் இருபது வருஷமாக வெட்டுகிறேன். அதே நாங்கள் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் கத்தரி பிடிக்கத் தெரியாதவர்களாகிவிடுகிறோம். கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் பூந்தமல்லிக்காரர். ஸ்கூட்டரில் வருவார், வெள்ளிக்கிழமை தொப்பியோடு வருவார். அதிர்ந்து பேசமாட்டார், என்னை "ம்மா" என்றுதான் கூப்பிடுவார். கத்தரியை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது அவர் கணக்கு. கேட்டால் மேஜையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் பத்து வருஷத்தில் ரெண்டு மூன்று முறைதான் எனக்காக வைத்திருப்பார், அதுவும் நூல் நறுக்க.

போன வருஷம் ஒரு நாள் டீ நேரத்தில் அவர் சொன்னார்: "பக்ரீத் முடிஞ்சா நான் கெளம்புறேன்ம்மா. கரையான்சாவடில மச்சானோட சேந்து ஸ்கூல் யூனிபார்ம் யூனிட் போடறோம், இன்ஷா அல்லா." நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. இன்னொரு மாஸ்டர் வந்து உட்கார்ந்தால் அவர் போவதற்குள் நான் போய்விடுவேன்.

நேராக முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, சோம்பேறி. புதிதாக எதையும் யோசிப்பதென்றால் அவருக்குத் தலைவலி வரும்.

"சார், மாஸ்டர் போறாராமே. நான் டேபிள்ள நிக்கிறேன்."

"இன்னாது?"

"கட்டிங். நான் பாக்கறேன்."

அவர் சிரித்தார். கேலி இல்லை, நிஜமாகவே நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்திருக்கிறார். "யம்மா, அது லேடீஸ் வேலை இல்லம்மா. ரோலு தூக்கணும். கரண்டு கத்தி. கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? திருப்பூர்லேந்து ஒரு ஆள் சொல்லி வெச்சிகீறேன், அடுத்த மாசம் வராரு."

"ரோல மாஸ்டர் என்னிக்கு சார் தூக்கினாரு? ஹெல்பருங்கதானே தூக்கறாங்க?"

அவர் போனை எடுத்து யாருக்கோ பேச ஆரம்பித்துவிட்டார். எதிர்முனையில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

அந்த அடுத்த மாதத்தில்தான் ஹாலந்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். டிசைனர். முப்பது வயது இருக்கும், எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். லினனில் கணுக்கால்வரை வருகிற ஒரு உடுப்பு, அதற்கான மாதிரியைக் கூட இருந்து பார்த்து முடித்துக்கொண்டு போக மூன்று நாள் தங்கினாள். அவள் பேசுவதை எங்களுக்குச் சொல்லவும் நாங்கள் பேசுவதை அவளுக்குச் சொல்லவும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் இருந்தாள். மெர்ச்சண்டைசர் என்றால் ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் மெயில் எழுதி மாட்டிக்கொண்டு முழிக்கிற வேலை. கரூர்க்காரி, கொரட்டூரில் ஃபிளாட்டில் தோழிகளோடு இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் "ங்க்கா" போடுவாள்.

முதல் நாள் ஹாலந்துக்காரி எல்லோருக்கும் கார்டு கொடுத்தாள். எனக்கும். இதுவரை எந்தப் பையரும் சாம்பிள் டெய்லருக்குக் கார்டு கொடுத்ததில்லை, அதனால் நான் அதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அவளாகவே தன் பேரின் கடைசி வார்த்தையில் விரலை வைத்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"ஸ்னெய்டர்ங்க்கா" என்றாள் கரூர்க்காரி. "அது அவங்க குடும்பப் பேரு. வெட்டுறவர்னு அர்த்தமாம். அவங்க ஊர்ல அந்தக் காலத்துல துணி வெட்டித் தைக்கிறவங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். இப்ப அந்தத் தொழிலுக்கு வேற வார்த்தை வந்துருச்சாம். இது பேருல மட்டும் இருக்குதாம்."

அப்போது மாஸ்டர் உள்ளே வந்தார். இவர்தான் கட்டிங் மாஸ்டர் என்று முதலாளி அறிமுகப்படுத்த, அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கிவிட்டாள். தன் பேருக்கு உரிய ஆளை முதல்முறையாக நேரில் பார்க்கிறாளாம். மாஸ்டருக்கு வெட்கம் தாங்கவில்லை. முதலாளிக்குப் பெருமை. எனக்கு மட்டும் உள்ளே எரிந்தது. அந்தப் பேரின் அர்த்தம் தெரிந்த அன்றைக்கே அதுவும் அந்த மேஜைக்காரருக்குப் போய்விட்டதே.

சாயங்காலம் டீ குடிக்கும்போது நான் விடவில்லை. "கேளு அவங்கள" என்றேன் கரூர்க்காரியிடம். "அவங்க தாத்தா வெட்டுவாரா?"

இல்லையாம். அப்பா டிராம் ஓட்டுகிறார். தாத்தா தபால் ஆபீஸ். அதற்கு முன்னால் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்போதோ ஒரு கிராமத்தில் ஒருவர் கத்தரியோடு இருந்திருக்கிறார், ஊர்க்காரர்கள் வெட்டுகிறவர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஆண்டபோது ஆளாளுக்குக் குடும்பப் பேர் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார்களாம். அதற்குமுன் கூப்பிட்டுக்கொண்டிருந்த பேர்கள் பலதும் அப்படியே காகிதத்தில் ஏறி நின்றுவிட்டன. மாவு அரைக்கிறவர், ரொட்டி சுடுகிறவர், கூரை போடுகிறவர், பீப்பாய் செய்கிறவர் என்று அவள் ஆபீசில் பாதிப் பேர் அப்படித்தானாம். ரொட்டி சுடுகிறவர் கணக்குப் பார்க்கிறார். பீப்பாய்க்காரர் கம்ப்யூட்டர் ரிப்பேர். இவளுக்கு ஒரு பட்டன்கூடத் தைக்கத் தெரியாது, அதையும் அவளே சொன்னாள்.

கரூர்க்காரி போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாம டெய்லர்னு சொல்றோம்ல, அதுவும் பிரெஞ்சு வழியா வந்ததாம்ங்க்கா. அதுக்கும் வெட்டுறவர்னுதான் அர்த்தமாம்" என்றாள். எல்லா ஊரிலும் பேர் கத்தரிக்குத்தான் போயிருக்கிறது. ஊசிக்கு ஒன்றும் இல்லை.

"சரி, அந்த ஸ்னெய்டரு வெட்டினாரு. தைச்சது யாரு?" என்று கேட்டேன்.

வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும் என்றாள் ஹாலந்துக்காரி.

"அவங்களுக்கு இன்னா பேரு?"

"அதே பேருதான்ங்க்கா. ஸ்னெய்டர்."

"கத்திரியத் தொடாமலேயா?"

அதைக் கரூர்க்காரி எப்படிச் சொன்னாளோ, ஹாலந்துக்காரி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தொட்டிருப்பார்கள், யாருக்குத் தெரியும் என்றாள்.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். சாதாரணக் கேள்விதான். உங்கள் ஊரில் இப்படித் தொழில் பேர்கள் இல்லையா?

கரூர்க்காரி அதை எனக்குச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் தொழிலைப் பேரோடு சேர்த்துச் சொன்னால் அது வெறும் தொழிலாக நிற்காது. என் அப்பாவின் பேருக்குப் பின்னால் ஒரு தொழில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்துக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், காது கேட்காதவர்போல நடந்துகொண்டே இருப்பார். அந்தத் தொழிலை அவர் ஒரு நாளும் செய்ததில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியாரிடம், "இனிஷியல் மட்டும் போடுங்க சார், பின்னால ஒண்ணும் வேணாம்" என்று சொன்னார். என் பேர் அன்றிலிருந்து பின்னால் ஒன்றுமில்லாமல் நிம்மதியாக இருக்கிறது.

"இருந்துச்சு, கழட்டிப் போட்டுட்டோம்னு சொல்லு" என்றேன்.

"அதை எப்படிங்க்கா இங்கிலீஷ்ல சொல்றது?"

"அப்படியே சொல்லு. வேலைய நாங்க புடிக்கல, வேலைதான் எங்களப் புடிச்சிகினு உடமாட்டேன்னுச்சு, அதான் கழட்டிட்டோம்னு சொல்லு."

அவள் சொன்னாள். ஹாலந்துக்காரி சிரிக்கவில்லை. கார்டை எடுத்துத் தன் பேரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். அவளுடைய பேர் அவளை ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது, அவள் பாட்டுக்கு இருக்கிறாள். நான் கேட்கிற மாஸ்டர் என்கிற பேரோ நானே வேலை செய்து சம்பாதித்தது, யாரும் என் தலையில் கட்டியதில்லை. அதைத் தர இங்கே ஆளில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ராத்திரி அவளுக்கு விமானம். காலையில் வந்து உட்கார்ந்ததும் அவள் உடுப்பின் உருவத்தையே மாற்றிவிட்டாள். இடுப்பிலிருந்து கீழே இன்னும் ஒல்லியாக வரட்டும் என்று அளவுகளை அடித்து எழுதினாள். புது அளவில் மூன்று சைஸ், சாயங்காலத்துக்குள் தைத்துக் காட்ட வேண்டும். மாஸ்டர் அட்டையில் புது பேட்டர்ன் போட்டு முடிக்கும்போது பன்னிரண்டரை. ஜும்மாவுக்கு அவர் கிளம்பியாக வேண்டும், ரெண்டரைக்குத்தான் திரும்புவார். முதலாளி வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மாஸ்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். கத்தரியை மேஜையில் என் பக்கமாக வைத்தார்.

"வெட்டிடும்மா. நேரம் இல்ல."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் போய்விட்டது. நான் கத்தரியை எடுத்தேன். என் வீட்டுக் கத்தரியைவிட ரெண்டு மடங்கு கனம். துணியை விரித்து, அட்டையை வைத்து, சாக்பீஸில் கோடு போட்டு, வெட்ட ஆரம்பித்தேன். லினன் கத்தரிக்கு நன்றாக வழிவிடும். ஒரு இடத்திலும் நிறுத்தாமல் போனேன். அப்படியொரு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை. மூன்று சைஸையும் வெட்டி, மாடிக்கு ஓடி, ஓரம் அடித்து, மூட்டி முடித்து, இஸ்திரிப் பெட்டிக்குக் கொண்டுபோனபோது மணி நாலு.

உடுப்பை உள்பக்கம் திருப்பித் தையலை விரித்து அழுத்தும்போதுதான் பார்த்தேன். பக்கத் தையலுக்கு உள்ளே ரெண்டு புறமும் ஒரு இன்ச்சுக்கு மேல் துணி அதிகமாகக் கிடந்தது.

பிளவுஸ் தைக்கக் கொடுத்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். துணியைக் கொடுக்கும்போதே சொல்வோம், "உள்ள துணி விட்டுடுங்க." உடம்பு போடும், பிள்ளை பிறக்கும், பத்து வருஷம் கழித்துத் தையலைப் பிரித்து விட்டால் அதே பிளவுஸ் மறுபடி சேரும். சொல்லாவிட்டாலும் விடுவதுதான் நல்ல டெய்லருக்கு லட்சணம். இருபது வருஷமாக விட்டுப் பழகிய கை, கோட்டுக்கு வெளியே தானாகவே ஒதுங்கிப் போயிருக்கிறது. தைத்த கையும் அதே கைதான், அளவுப்படி சரியாகத் தைத்து மிச்சத்தை உள்ளே தள்ளியிருக்கிறது. வெளியே அளவு கச்சிதம். உள்ளே பார்த்தால் மண்ணூர்பேட்டை பிளவுஸ். எக்ஸ்போர்ட்டில் கால் இன்ச் அதிகம் விட்டாலே, ஆயிரக்கணக்கில் வெட்டுகிற பல்க்கில் ரோல் ரோலாகத் துணி போகும். கட்டிங் டேபிளுக்கு வருகிறவர் முதலில் மறக்க வேண்டியதே இந்தப் பழக்கத்தைத்தான்.

நறுக்கிவிடலாம் என்று கத்தரியைத் தேடுவதற்குள் கரூர்க்காரி வந்து மூன்றையும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். போச்சு, திருப்பூர்க்காரர் இனிமேல் நிச்சயம், நானே என் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

ஹாலந்துக்காரி ஒன்றை உள்பக்கம் திருப்பினாள். விரலால் அந்த மிச்சத் துணியைத் தடவினாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னாம்மா இது? பிளவுஸா தைக்கச் சொன்னேன்? இத்தினி துணி உள்ள உட்டா நான் கம்பெனிய மூடிகினு போவ வேண்டியதுதான்!" என்னை விட்டுவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார். மாஸ்டர் ஜும்மாவிலிருந்து திரும்பி வந்து ஓரமாக நின்றிருந்தார். "இதுக்குத்தான் சொன்னேன், பாத்தீங்களா?"

என் வாயை யாராவது அடைத்தார்கள் என்றால் அது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ஹாலந்துக்காரி கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் சொன்னேன். உடம்பு ஒரே மாதிரி இருக்காது, துணி கூடவே வரணும், அதுக்காக விடுவோம், பழக்கத்தில் விட்டுட்டேன், தப்புதான். கரூர்க்காரி சொல்லி முடித்ததும் அவள் நடு சைஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அது அவளுடைய சைஸ்.

நின்றபோது அழகாகத்தான் இருந்தது. நாற்காலியில் உட்காரப் போனாள், முடியவில்லை. பாதி வழியில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தாள். காலையில் ஒல்லியாக வரட்டும் என்று அவளே அடித்து எழுதிய அளவு அது. போட்டு நடக்கலாம், உட்கார முடியாது. அவள் முகம் வாடிவிட்டது. வேறு வெட்டித் தைக்க நேரமில்லை, ஊருக்குப் போய் புது அளவு அனுப்பி, நாங்கள் தைத்து, கூரியரில் போய், அவள் பார்த்து, ஆர்டரே தள்ளிப்போகும்.

"கழட்டச் சொல்லு" என்றேன் கரூர்க்காரியிடம். "பத்து நிமிஷம்."

பிளேடால் பக்கத் தையலைப் பிரித்தேன். இடுப்புக்குக் கீழே ரெண்டு பக்கமும் முக்கால் இன்ச் விட்டேன். மேலே பழைய தையலோடு தெரியாமல் சேர்த்தேன், இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், காலை மடித்துக்கூட உட்கார்ந்தாள். அங்கேயே டேப்பை எடுத்து விட்ட அளவைக் குறித்துக்கொண்டு, இதுதான் சரி, இந்த அளவிலேயே பல்க் போடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் கிளம்பிய பிறகு மாஸ்டர் மிச்ச ரெண்டு சைஸையும் மேஜையில் விரித்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"பல்க்ல இப்டி உட்டா மொதலாளி தலையில துண்டுதான்" என்றார். "ஆனா கை நேரா போவுது. பிசிறு இல்ல." அப்படியே முதலாளியின் அறைக்குள் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கதவு மூடியிருந்தது, கண்ணாடி வழியாக முதலாளி தலையைச் சொறிவது மட்டும் தெரிந்தது. வெளியே வந்து, "பல்க்கோட மொதல் லே நீதான் வெட்டப் போற. சரியா வந்தா திருப்பூர் ஆளு வேணாங்கறாரு" என்றார்.

லே என்றால் துணியை அடுக்கடுக்காக மேஜையில் விரிப்பது. அடுக்கின் மேல் வரைந்த காகிதத்தை ஒட்டி, கரண்டு கத்தியால் எல்லா அடுக்கையும் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். கத்தரியில் தப்பு நடந்தால் ஒரு உருப்படி போகும். இதில் நடந்தால் மொத்தமும் போகும். பதினைந்து நாள் மாஸ்டர் பழைய துண்டுகளை அடுக்கிக் கொடுக்க, சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பழகினேன். இடது கைக்கு இரும்பு வளையங்களால் பின்னிய உறை ஒன்று உண்டு. அது ஆம்பிளைக் கைக்குச் செய்தது, என் கையில் தொளதொளவென்று ஆடியது. மணிக்கட்டில் ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக்கொண்டேன்.

லே வெட்டிய அன்று மாடியிலிருந்து பாதிப்பேர் ஏதாவது சாக்கு வைத்துக் கீழே வந்துபோனார்கள். முதலாளி வரவில்லை, பயம். நான் கத்தியை ஓட்டினேன். பக்க வளைவு வந்தபோது என் கை வெளியே ஒதுங்கப் பார்த்தது, நிஜமாகவே இழுத்தது. இருபது வருஷமாக நான் பிளவுஸ் தைத்துக் கொடுத்த பெண்கள் எல்லாம் கொஞ்சம் விடு, கொஞ்சம் விடு என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டின் மேலேயே போனேன். மாஸ்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு இடத்திலும் கை நீட்டவில்லை. வெட்டி முடித்ததும் மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார், நூலிழை பிசகவில்லை. பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. துணி நனைந்துவிடும் என்று தள்ளிப் போய் அழுதேன்.

பக்ரீத் முடிந்து அவர் கரையான்சாவடிக்குப் போனார். திருப்பூர்க்காரர் வரவில்லை. எனக்குப் புதுக் கார்டு வந்தது, என் பேருக்குக் கீழே 'கட்டிங் அசிஸ்டென்ட்' என்று இருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"யாருக்கு சார் அசிஸ்டென்ட்?"

"இன்னாம்மா?"

"டேபிள்ள நான் ஒருத்திதான் கீறேன். நான் யாருக்கு அசிஸ்டென்ட்?"

"அட, பேருல இன்னாம்மா கீது? வேலை உன்தானே?"

"பேருல ஒண்ணும் இல்லன்னா மாஸ்டர்னு போட்டுத்தான் குடுங்களேன்."

அவர் என்னைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். இந்த முறை போனை எடுக்கவில்லை. யோசிக்கிறேன் என்றார். யோசிப்பது அவருக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் அதற்குமேல் நான் நெருக்கவில்லை. ஒரு வாரம் போனது. கார்டு மாறவில்லை. ஹெல்பர்கள் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாங்க", "கேளுங்க" என்று பேரில்லாமலே காலம் தள்ளினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை துணி லாரி ஒரு மணி நேரம் லேட். ரோல் இறக்கி, விரித்து, வெட்டி, துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி மாடிக்கு அனுப்ப வேண்டும். லைனில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டு வராவிட்டால் அவர்களுக்குத்தான் அன்றைய டார்கெட் இடிக்கும், சூப்பர்வைசரிடம் திட்டு விழும். எனக்கு அது தெரியும், நானும் அப்படி உட்கார்ந்து பல்லைக் கடித்தவள்தான். நான் கடைசி வளைவில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து பாக்கெட் தைக்கிறவளின் குரல் கேட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்பாள், என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள், என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

"இன்னா மாஸ்டர்!" என்று கத்தினாள். "கட்டு எங்க? ஒம்போது மணிலேந்து மெஷின் முன்னாடி பஜனை பாடிகினு கீறோம். வெட்டிகினு கீறியா, தூங்கிகினு கீறியா?"

ஹெல்பர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரிந்திருக்காது, வயிற்றெரிச்சலில் வாயில் வந்ததைக் கத்தினாள். நான் கத்தியை அணைத்தேன். அனுப்ப ஆள் இருந்தும், வெட்டிய முதல் கட்டை நானே தோளில் தூக்கிக்கொண்டு படியேறினேன், அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டட்டும் என்று.